அடுப்புப் பரணில் இருந்த கரடிகள்

அந்தக் கரடிகள் எனக்கு வந்தவை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கோபமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. மஞ்சள்காமாலை வந்து ஈர்க்குச்சி போல ஆகிவிட்ட என் தங்கைக்காக, அமெரிக்காவில் நர்ஸாக இருந்த பெரியம்மா அனுப்பிய சத்து மருந்து அது. மருந்து என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் குப்பி நிறைய மிட்டாய்க் கரடிகள். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் விளக்கு எரியும். எனக்கு ஒன்பது வயது. ஒன்று தின்றால் நானும் அப்படி எரிவேன் என்று நம்பினேன்.

தங்கைக்கு வைத்தியர் நாற்பத்தொரு நாள் பத்தியம் சொல்லியிருந்தார். அது முடியும்வரை குப்பியை என் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். என் அம்மை அதை அடுப்புக்கு மேலே தொங்கும் பரணில் ஏற்றினாள். எங்கள் ஊர் குன்னத்துகால் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். குடம்புளியும் நல்லமிளகும் விதைப்பயறும் அங்கே புகை குடித்து வருடக்கணக்கில் கிடக்கும். புகை பட்டது கெடாது.

மழை பிடித்துக்கொண்ட நாட்கள் அவை. ஈர விறகு புகைந்து அடுக்களையே நீலமாக இருக்கும். நான் தரையில் மல்லாந்து கிடந்து மேலே பார்ப்பேன். கரடிகள் மேகத்துக்குள் வரிசையாக நடந்து போகும். பெரியம்மாவின் ஊரும் அந்தப் புகைக்கு அப்புறம்தான் எங்கோ இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை குப்பியை இறக்கினார்கள். கரடிகள் இல்லை. தலையும் காலும் உருகி ஒட்டி, தவிட்டு நிறத்தில் ஒரே கட்டி. அப்பா குப்பியின் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

“தேதி இன்னும் ஒரு வருசம் உண்டு. கெட்டிருக்காது. பிள்ளைக்குக் குடு.”

“தேதி போட்டவன் எனக்க அடுப்பக் கண்டானா?” என்றாள் அம்மை.

“அமெரிக்கா சாதனமாக்கும். உனக்க கருவாடுண்ணு நெனச்சியா?”

அப்பா குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மை கட்டியை முகர்ந்தாள். தூங்கிக்கொண்டிருந்த தங்கையின் கைகளைப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு கத்தியால் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மெதுவாக மென்றாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணினேன்.

தங்கை எழுந்து வந்து கையை நீட்டியபோது, “நாளைக்கித் தாறேன் மக்கா” என்றாள்.

அன்று அவள் கஞ்சி குடிக்கவில்லை. மதியம் மரச்சீனிக் கிழங்கையும் தொடவில்லை. வயிறு நிறைய மிட்டாய் தின்றவளுக்கு எப்படிப் பசிக்கும்? மதியத்துக்குப் பிறகு மூன்று தடவை வாளித் தண்ணீரோடு கொல்லைக்குப் போனாள். மழையில் அவள் உருவம் கரைந்து கரைந்து திரும்பி வந்தது. சாயங்காலம் வாழை மூட்டில் குழி தோண்டி, மிச்சக் கட்டியைப் போட்டு மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தாள். திருட்டை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா பக்கத்து வீட்டு டீச்சரின் போனுக்குக் கூப்பிடுவாள். அந்த வாரம் அம்மையை முந்திக்கொண்டு நான் ரிசீவரைப் பிடுங்கினேன்.

“பெரியம்மே, மருந்த அம்மையாக்கும் தின்னது. தங்கச்சிக்கு ஒண்ணுகூடக் குடுக்கல்ல.”

அம்மை ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள். பெரியம்மாவின் சத்தம் வெளியே கேட்டது.

“நாணமில்லியாட்டி உனக்கு? தீனமா கெடந்த பிள்ளைக்குக் குடுத்துவிட்டத நீயா திங்கிய?”

டீச்சர் கூட இருந்தார். அம்மை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா சம்பளத்தில் வாங்கி அத்தனை தூரம் அனுப்பியதை அடுப்புக்கு மேலே வைத்துப் பாழாக்கினேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இது இன்று எனக்குத் தெரிகிறது.

“கொதியாப் போச்சு அக்கா,” என்றாள். “வாயக் கட்ட முடியல்ல.”

அன்று ரிசீவரைப் பிடுங்கிய அந்த ஒன்பது வயதுக்காரியை இழுத்துவைத்து இரண்டு அறை விட இப்போது எனக்குக் கை துடிக்கிறது. அவளோ அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு, தூறலில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அடிக்குக் காத்திருந்தாள். அடி விழவில்லை. அகப்பட்டுக்கொண்ட கள்ளிக்குக் கை எப்படி ஓங்கும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.