அப்பாவும் நானும் தேத்தண்ணி விட்ட கதை

நாக்கின் இரு ஓரங்களையும் இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பும், அதன் பின்னால் தொண்டைக்குள் இறங்கும் இஞ்சிச் சூடும்தான் சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த ருசி. திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, லிங்கநகர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் உள்ளங்கைச் சீனியை நக்கியபடி "சாயம் கூடின" பிளேன்ரீ, பால் சேர்க்காத தேநீர், குடிப்பார். அவருக்கு ஒரு மிடறு என்றால் எனக்கு ஒரு மிடறு. பத்து வயதுக்குள் எனக்கென்று தனிக் கோப்பையே வந்துவிட்டது.

பிறகு நித்திரை போனது. எழுதும்போது விரல் நடுங்கியது. ஞாயிறு பூசைக்குப் போய்த் தேத்தண்ணி பிந்தினால் தலை பிளந்தது. அதற்கும் அம்மா தேத்தண்ணியையே தந்தார், உடனே மாறிவிடும். கடைசியில் ஒரு டொக்டர்தான் விளக்கினார்: "மருந்தெண்டு குடுக்கிறீங்களே, அதுதானம்மா வருத்தமே. உடம்பு பழகிப்போச்சு. விட்டால் கொஞ்ச நாள் படுத்தும், பிறகு சரிவரும்."

ஏலாது என்று அழுதேன். "அழாதை பிள்ளை. நானும் விடுறன். ரெண்டு பேரும் சேர்ந்து விடுவம், சரியே?" என்றார் அப்பா.

"ஓம்" என்றேன்.

அன்றிலிருந்து இருவருக்கும் மல்லித்தண்ணி. தலைக்குள் உரல் இடித்தது, சத்தி எடுத்தேன், குசினியில் தேயிலை டின்னைத் திறந்து மணந்துவிட்டு மூடினேன். பின்னேரம் வேலையால் வரும் அப்பா என் பக்கத்தில் படுத்து, நெற்றியைப் பிடித்தபடி, "எனக்கும்தான் இடிக்குது. பொறுப்பம் பிள்ளை" என்பார். பாவம் என்று அவர் நெற்றியில் தைலம் தேய்த்துவிடுவேன்.

தலையிடி இல்லாமல் முதன்முதலாக விடிந்த நாளில், அதை அவரிடம் சொல்லவென்று பள்ளிக்கூடம் விட்டதும் துறைமுக வாசலுக்கு ஓடினேன். எதிரே தேத்தண்ணிக் கடையில் அப்பா, உள்ளங்கையில் சீனியோடு இருந்தார்.

"உங்கட மகளா?" என்று சிரித்தார் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் கடைக்காரர்; எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் முறை. "நம்மட பிளேன்ரீ இல்லாட்டி அப்பாக்கு கிரேன் ஓடாதும்மா. ஒரு நாளும் தவறினதில்ல."

அப்பா கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். "இது மல்லித்தண்ணி பிள்ளை."

அவர் குடித்ததைக்கூட மன்னித்திருப்பேன். இல்லாத தலையிடிக்கு என் கையால் தைலம் பூசவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும். நீ விடவேணும் எண்டுதானே அப்பிடிச் சொன்னவர்" என்றார், மீன் வெட்டுவதை நிறுத்தாமல்.

பட்ட பாட்டை வீணாக்க மனமில்லாமல் நான் திரும்பத் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஆனால் அப்பா காய்ச்சல் என்றாலும் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இன்று கைபேசி திருத்துகிறார்கள், நானாவும் காலமாகிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா, நெஞ்சுப் படபடப்புக்காகத் தேத்தண்ணியை விட முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறார். போன கிழமை கேட்டார்: "அந்தச் சின்ன வயசில நீ எப்பிடிப் பிள்ளை விட்டனீ?"

"நீங்களும் விட்டிட்டீங்கள் எண்டு நம்பினனான், அப்பா."

அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தலையிடிக்குது என்றார். உண்மையாகத்தான் இருக்கும். என்னால்தான் உடனே நம்ப முடியவில்லை.