குடத்திடம் சொன்னதைப் பாட்டாக்கினேன்

பாட்டெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களிடம் மேற்கே மலையைக் காட்டிவிடுவேன். ராஜபாளையத்துக்காரனுக்கு அது ஒரு வசதி. கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். உண்மையில் நான் எழுதியதில் உருப்படியான ஒரே பாட்டு எங்கள் அடுக்களையிலிருந்து வந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எண்பதுகளில் எனக்குப் பகலில் மில் வேலை, திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம். கல்யாணமான புதிது. மனைவி தேவதானத்துப் பெண். அவர்கள் வீட்டுப் பெண்கள் புருஷனை முகத்துக்கு நேராகத் திட்டமாட்டார்கள். கையில் இருக்கிற பாத்திரத்தைத் திட்டுவார்கள். திட்டு யாருக்கு என்பது வீட்டுக்கே தெரியும். வாங்கியவன் பேசாமல் எழுந்துபோய் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வந்தால் சண்டை தீர்ந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் அவள் குழாயடியிலிருந்து வந்து குடத்தை இறக்கினாள்.

"ஏ கொடமே, நீயாச்சும் கேளு. எம்புட்டு நேரம் நின்னேன்னு கேக்க இந்த வீட்டுல நாதியில்ல. இடுப்பு கழண்டு போச்சு."

நான் முன்னறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், தொடையில் தாளம் போட்டபடி. 'நாதியில்ல' என்று அவள் இழுத்த இழுப்பில் பல்லவியே இருந்தது. தண்ணீர் பிடிக்கவா போவேன்? ஆர்மோனியத்தைத் திறந்து அவள் சொன்னதையே பாட்டாக்கிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தை ஒட்டி நடந்த கச்சேரியில் அந்தப் பாட்டை வைத்தோம். பாடகி பிளாஸ்டிக் குடம் ஒன்றை வைத்துக்கொண்டு இடுப்பை ஒடித்து ஒடித்துப் பாடினாள். விசில் பறந்தது, மறுபடியும் பாடச் சொன்னார்கள். எங்கள் தெருப் பெண்களோடு என் மனைவியும் வந்திருந்தாள். என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன். எனக்கிருந்த திமிர் அப்படி.

மறுநாள் காலையில் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் ஒருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நீ கொடத்துக்கிட்ட பொலம்புனதத்தான ஒன் வீட்டுக்காரவிய பாட்டாப் போட்டுட்டாவ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரமும் திட்டு வாங்கவில்லை.

முதலில் நிம்மதி என்றுதான் நினைத்தேன். குழுவில் எல்லாரும் கொடுத்துவைத்தவன் என்றார்கள். சேத்தூர், சுந்தரபாண்டியம் என்று போன இடமெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். வீட்டில் அவள் சமைப்பாள், பரிமாறுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் தனக்கென்று ஒரு குறை சொல்லமாட்டாள். அவள் குறை சொல்ல இருந்த ஒரே வழியை நான் மேடையேற்றிவிட்டேன் என்று புரிய எனக்கு வருஷங்கள் ஆயின. புரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. கைதட்டல் அவ்வளவு ருசியாக இருந்தது.

தொண்ணூறுகளில் ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பப்பையில் கட்டி. எவ்வளவு நாளாக வலி என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு வருசம் இருக்கும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா அதையும் பாட்டாக்கிப்புடுவீய."

கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்திலும் பாழாய்ப்போன மனசு அந்த வாக்கியத்துக்கு மெட்டுத் தேடியது. விரல் தொடையில் தட்டத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்குப் பிடித்தாளா, தாளத்தை நிறுத்தப் பிடித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.