வெள்ளை தைத்த மேபல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் முதற்பூசைக்கு மணி அடிக்கும்போதே மேபல் தையலுக்கு உட்கார்ந்துவிடுவாள். வெயில் ஏறிவிட்டால் அவளுடைய கைகள் அவள் சொல் கேட்பதில்லை. உள்ளங்கையில் வேர்வை ஊறும். ஊறி, விரல் நுனியால் சொட்டும். துவாயில் துடைத்த கை, துவாயை விட்டு எடுப்பதற்குள் மறுபடி நனைந்திருக்கும்.

அது நேற்று வந்த கரைச்சல் அல்ல. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிலேற்றில் எழுதிய எழுத்தை அவள் கையே அழித்துவிடும். வளர்ந்தபின் சம்பந்தம் பேச வந்தவர்கள், தேத்தண்ணிக் கோப்பை அவள் கையிலிருந்து வழுக்கியதைக் கண்டார்கள். "பிள்ளைக்குச் சயரோகம் ஏதும்..." என்று இழுத்தார்கள். நெஞ்சு சுத்தம் என்று டாக்குத்தர் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையை விட்டுப் போகவில்லை. பிறகு ஒருவரும் கேட்டு வரவுமில்லை. தாய் தகப்பன் போனபின் தங்கை கொன்ஸ்ரன்ஸை வளர்த்தது அவளுடைய தையல்தான்.

வேர்க்கிற உடம்போடு ஒரு சின்ன வீட்டுக்குள் இருந்து பிழைக்க அவள் ஒரு முறை வைத்திருந்தாள். முதுகில் காற்றுப் படப் பிரம்புக் கதிரை. மெல்லிய பருத்திச் சட்டை; நனைந்தால் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு இன்னொன்று. தைக்கிற நாளில் உறைப்புக் கறி இல்லை, சுடச்சுட ஒன்றும் இல்லை. மல்லி அவித்து ஆறவைத்த தண்ணீர்தான். வாசற்படியில் ஈரச் சாக்கு. மடியில் பழந்துணி விரித்து, அதன் மேலேதான் தைக்கிற துணி. கைக்குப் படிகாரம். ஊசியை இடையிடையே சாம்பல் அடைத்த சிறு பையில் குத்தி எடுப்பாள். இல்லாவிட்டால் அவளுடைய வேர்வைக்கு அது துருவேறிக் கறள் பிடித்துவிடும். நிறத்துணி தைப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மேபல் தைத்ததோ வெள்ளை: ஞானஸ்நானச் சட்டை, முதல்நன்மைச் சட்டை, மணப்பெண் கவுண். வெள்ளையை நம்பிக் கொடுக்கிறார்கள் என்றால் அது ஒரு மரியாதை. அவளுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது கொன்ஸ்ரன்ஸுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிளாக்கர், வீடு வெள்ளவத்தையில். தவக்காலத்தில் கோயிலில் கலியாணம் செய்துவைக்கமாட்டார்கள் என்பதால் சாம்பல் புதனுக்கு முன்னே நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் தாய், சவுந்தரநாயகம் மாமி, கவுணுக்கு வெள்ளைச் சாட்டினைத் தானே கொண்டுவந்தாள்.

"சண்டைக்கு முந்தி எடுத்து அலுமாரியிலே வைச்சது. இனிக் கப்பல் வராது பிள்ளை. கொழும்பு முழுக்கத் தேடினாலும் இப்பிடித் துணி அம்பிடாது. உம்மட கையாலே தைச்சால்தான் வடிவு எண்டு எல்லாரும் சொல்லீனம். எங்க, காட்டும் பாப்பம், அப்பிடியென்ன கை!"

மேபல் கைகளைத் துவாயோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டாள்.

"மா குழைச்சுக்கொண்டு இருந்தனான் மாமி. கையெல்லாம் மா."

மாமி ரிக்ஷோவில் ஏறிப் போனபிறகு கொன்ஸ்ரன்ஸ் மெல்லச் சொன்னாள்:

"அக்கா, அவைக்குத் தெரியவேண்டாம். உங்களுக்குக் கட்டின கதையை எனக்கும் கட்டினால்..."

மேபல் தலையாட்டிவிட்டுச் சாட்டினை மடித்து வைத்தாள்.

படிகாரம் சாட்டினுக்கு ஆகாது. அது விரலைச் சொரசொரப்பாக்கும்; சொரசொரத்த விரல் பட்டால் சாட்டினில் இழை கிளம்பும். என்ன செய்வது என்று தவித்தவளுக்குப் பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் ஒரு கைமருந்து சொன்னாள்.

"தேயிலையை நல்லாக் கறுக்கக் காய்ச்சி ஆறவிடு. கை ரெண்டையும் அதுக்குள்ள வைச்சுக்கொண்டு ஒரு செபமாலை முழுக்கச் சொல்லு. பிடில் வாசிக்கிற என்ட தமையனுக்கு அதாலேதான் சுகம்."

"ரெண்டு கையும் தேயிலைச் சாயத்துக்குள்ள எண்டால் செபமாலையை என்னத்தாலே பிடிக்கிறது?"

"வாயாலே சொல்லடி. மாதா கோவிக்கமாட்டா."

மருந்து பிடித்தது. சில நாட்களில் உள்ளங்கை தவிட்டு நிறமாகி உலர்ந்தது. மேபல் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேறு யாருடையவோ கைபோல் இருந்தது. அந்த நிறம் துணியில் ஒட்டுகிறதா என்று வெள்ளைப் பழந்துணியில் அழுத்தித் தேய்த்தும் பார்த்தாள். ஒட்டவில்லை. அதன் பிறகே கத்தரிக்கோலை எடுத்தாள்.

நீளத் தையல்களை மெசினில் ஓட்டினாள். கழுத்தையும் கைவிளிம்பையும் முதுகுப் பொத்தான் வரிசையையும் கையால் தைத்தாள். சாம்பல் தூள் சாட்டினில் விழுந்துவிடும் என்று பயந்து, கைதான் உலர்ந்துவிட்டதே என்ற தைரியத்தில், ஊசியைச் சாம்பல் பையில் குத்துவதை விட்டுவிட்டாள். புறக்கோட்டைக் கடைகளில் நல்ல ஊசி கிடைக்கவில்லை. எனவே ஒரே ஊசிதான்.

தை மாதக் கடைசியில் ஒருநாள் காற்று அறவே நின்றது. சாக்கை நனைத்துப் போட்டாள், சட்டை மாற்றினாள், முகத்தைக் கழுவினாள். மத்தியானத்துக்குமேல் கை ஈரலித்தது தெரிந்தது. நாள் நெருங்கிவிட்டதே என்று துடைத்துத் துடைத்துத் தைத்தாள்.

மறுநாட் காலையில் கவுணை வெளிச்சத்தில் விரித்தபோது, கழுத்தோரமெங்கும் ஊசி ஏறி இறங்கிய இடமெல்லாம் கருநீலப் புள்ளிகள். பேனையால் குத்தியதுபோல வரிசையாக.

ஊசியைப் பார்த்தாள். காதடியில் கறள். கறள் பிடித்த தகரப் பேணியில் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றினால் மையாகக் கறுக்கும் என்பது குசினியில் நாளும் கண்டதுதான். தோலில் ஊறிக் கிடந்த சாயத்தை வேர்வை கரைத்து ஊசியில் சேர்த்திருந்தது. பழந்துணியில் சோதித்த அன்று அவள் கையில் வேர்வையும் இல்லை, ஊசியும் இல்லை. வெறும் வேர்வைக் கறை என்றால் தோய்த்திருக்கலாம். மருந்துதான் அதை மையாக்கிவிட்டது.

தேசிக்காய்ப் புளியும் உப்பும் வைத்துப் பார்த்தாள். புள்ளி மங்கியது, கூடவே சாட்டினின் மினுக்கமும் போய் அந்த இடம் கடதாசிபோல் வெளிறியது. அதோடு நிறுத்திவிட்டுக் கவுணுக்கு முன்னால் வெறுமனே இருந்தாள்.

அளவு பார்க்க வந்த மாமி கழுத்தோரத்தை விரலால் தடவினாள்.

"இதென்ன, மை ஊத்தினதோ?"

"என்ட பிழை மாமி. எனக்குக் கை வேர்க்கும். சின்னன் துவக்கம்."

மாமி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். உடனே விட்டுவிட்டுக் கைலேஞ்சியால் தன் விரல்களைத் துடைத்தாள்.

"கொன்ஸ்ரன்ஸ், உமக்கும் இருக்கோ?"

கொன்ஸ்ரன்ஸ் இரண்டு கைகளையும் நீட்டினாள். மாமி மீன் வாங்குகிறவள்போல அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ம்" என்றாள்.

"கவுணை நான் கொண்டுபோறன். எங்கட பக்கத்திலே ஒரு பறங்கிப் பொம்பிளை தைக்கிறா, லேஸ் வைச்சு மறைப்பா. பூசை முடிய வாசலிலே எல்லாரும் கைகுடுத்து வாழ்த்துவினம். அந்த வரிசையிலே மேபல் நிக்கவேண்டாம். சனம் கேட்டால் குசினியிலே வேலை எண்டு சொல்லுவம். என்ன?"

மேபல் தங்கையைப் பார்த்தாள்.

"ஓம் மாமி," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

கலியாணத்தன்று மேபல் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். மணமக்கள் திரும்புவதற்குள் பக்கக் கதவால் வெளியேறினாள். அதற்குள் கதை ஒழுங்கை முழுவதும் பரவியிருந்தது. முதல்நன்மைச் சட்டைக்குத் துணி தந்திருந்த தாய்மார் ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொரு சாட்டுச் சொல்லி வாங்கிப் போனார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை.

யப்பானிடம் சிங்கப்பூர் விழுந்தது. சித்திரையில் கொழும்பிலும் குண்டு விழுந்தது. வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்ற கட்டளைக்காக வீட்டுக்கு வீடு கறுப்புத் துணி வாங்கினார்கள். அந்த வேலை மேபலிடம் வந்தது. "கறுப்பிலே ஒண்டும் தெரியாது, ஆசைதீர வேர்," என்றாள் பேர்ணடெற். தன் கைமருந்தின் பாரம் தாங்காமல் சொன்ன பகிடி அது. மேபலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள்மேல் கோபமும் வரவில்லை.

ஒருநாள் பின்னேரம் ஒஸ்வால்ட் ஒரு கறுப்புத் துணிப் பொதியோடு வந்தான். தங்கள் வீட்டுத் திரைகளுக்காம். மேபல் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பொதியை மேசையில் வைத்தான்.

"கொன்ஸ்ரன்ஸ் வரேல்லையோ?"

"அவ பிள்ளைத்தாச்சி அக்கா. இந்த நேரத்திலே இஞ்ச வரவேண்டாம் எண்டு அம்மா..." அவன் தொப்பியைத் திருப்பிக்கொண்டு நின்றான். "அம்மாவின்ட குணம் தெரியும்தானே."

"அவ என்ன சொன்னவ?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை."

மேபல் திரைகளின் அளவு கேட்டாள். அவன் சொன்னான். அவன் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், உள்ளே வந்து, துவாயைத் தேடாமல், ஈரக் கையாலேயே பொதியை அவிழ்த்தாள்.