தட்டுக்கு அடியிலும் பார்த்தேன்

எனக்கு யாரையும் சட்டுன்னு நம்ப வராது. அது பிறவிக் குணமா, பார்த்த உத்தியோகமான்னு என் வீட்டுக்காரிக்கே இன்னும் பிடிபடல. தூத்துக்குடித் துறைமுகத்துல, சுங்க இலாகாவுல, தலை நரைக்கிற வரைக்கும் பெட்டி பிரிச்சுப் பார்த்தவன் நான். கண்டெய்னர் கதவைத் திறந்தா முன்வரிசை மூட்டை எப்பவும் யோக்கியமாத்தான் இருக்கும். சமாச்சாரம் பின்வரிசையில இருக்கும். அப்படியே பழகி, கடையில வாங்குற கருப்பட்டியக்கூட உடைச்சு மோந்து பார்க்காம வாயில வைக்க மாட்டேன். "தாலி கட்டுனவளையாவது நம்புதியளா?"ன்னு அவ கேப்பா. அந்த நேரத்துல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டா தப்பிச்சிரலாம்.

ரிட்டயர் ஆனதும் வீட்டுல தொல்லை தாங்கலன்னு என்னை ஒரு சேவைச் சங்கத்துல சேர்த்துவிட்டாங்க. ஊருக்கு நல்லது செய்யப்போறோம்னு யாராவது கிளம்புனா எனக்கு உடனே மூக்கு வேர்க்கும். சங்கத்துக்காரங்க அதைக் கண்டுபிடிச்சிட்டாங்க போல. சுத்துவட்டாரக் கிளைகளுக்குப் போய், அவங்க செஞ்ச திட்டமெல்லாம் உசிரோட இருக்கான்னு பார்த்துட்டு வர்ற வேலையை என் தலையில கட்டிட்டாங்க.

போற இடமெல்லாம் ஒரே மாதிரிதான். மணி அடிச்சுக் கூட்டம் தொடங்குவாங்க. தலைவர் கழுத்துல பதவிப் பட்டை, என் தோள்ல பொன்னாடை, மேசையில மக்ரூன். மக்ரூன் தட்டு பெருசா இருந்தா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம். தின்னு முடிச்சதும், "சரிவே, கிளம்புங்க, பார்ப்போம்"பேன். ஒரு ஊர்ல குடிதண்ணி மிஷின் வச்சிருந்தாங்க. குழாயைத் திறந்தா காத்துதான் வந்துது. இன்னொரு ஊர்ல பஸ் நிறுத்தம். கூரையை விட நன்கொடையாளர் போர்டு பெருசு, சனங்க போர்டு நிழல்லதான் நிக்காங்க. உப்பளத்துல வேலை பார்க்குற பொம்பளைங்களுக்குக் கண்ணாடி குடுத்தோம்னு ஒரு கிளைக்காரங்க சொன்னப்ப, ஒரு அம்மாகிட்ட கேட்டு வாங்கி நானே மாட்டிப் பார்த்தேன். பாத்தி பாத்தியா உப்பு ஆடிச்சு, தலை சுத்திருச்சு. சவம், அந்த அம்மா கண்ணுக்கு அளந்து செஞ்ச நல்ல கண்ணாடிதான். எனக்கு ஏமாத்தமா போச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? அதுக்கப்புறம் என் பேரு 'ரெய்டு அண்ணாச்சி' ஆயிருச்சு.

இப்ப சொல்லப்போறது பெட்டி விஷயம். இறந்தவங்களைக் கெடாம வைக்கிற பிரீசர் பெட்டி. கடலோரத்துல ஒரு மீனவர் ஊருக்கு எங்க சங்கம் குடுத்தது அது. அங்க வீட்டுக்கு ஒருத்தனாவது கடல்லயோ கப்பல்லயோ இருப்பான். வீட்டுல சாவு விழுந்தா அவன் வந்து சேர்ற வரைக்கும் அடக்கத்தைத் தள்ளிப் போடணும். அதனால அந்த ஊருக்கு அது பெரிய உதவி. குருசடின்னு சொல்ற சின்னச் சிலுவைக் கோயிலுக்குப் பக்கத்து ரூம்ல பெட்டியை வச்சிருப்பாங்க, பக்கத்து ஊர்க்காரங்க கேட்டாலும் குடுக்கணும்னு ஏற்பாடு.

ஒரு நாள் பக்கத்து ஊர்ல இருந்து புகார் வந்துது. சாவுக்குப் பெட்டி கேட்டிருக்காங்க, மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு குடுக்கலையாம். அவங்களுக்கு எப்படியோ வேற இடத்துல பெட்டி கிடைச்சிருச்சு. ஆனா எங்க தலைவருக்குக் கோபம். "பொய்யின்னா பெட்டியை அங்க இருந்து எடுத்துருவோம். நீங்கதான் போகணும், அண்ணாச்சி"ன்னார். நான் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு வண்டியைக் கிளப்பிட்டேன்.

ஊர்க்கமிட்டித் தலைவர் வலை பின்னிக்கிட்டு இருந்தார், என் வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் ஊசி நின்னு போச்சு. "கஸ்டம்ஸ் அண்ணாச்சில்லா? வாங்க, வாங்க"ன்னார். வாய் வாங்கன்னுது, முகம் போன்னுது.

"பெட்டி எங்கவே?"

"மெக்கானிக் கொண்டு போயிருக்கான்."

"எந்த மெக்கானிக்?"

அதுக்குள்ள பக்கத்துல நின்ன ஒருத்தன், "ஆசுபத்திரிக்குக் குடுத்துருக்கு"ன்னு சொல்லிட்டான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சாங்க. ஆகா, மாட்டுனீங்கலேன்னு எனக்குள்ள ஒரு சந்தோசம். மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க.

குருசடி ரூமைத் திறக்கச் சொன்னேன். உள்ள பெட்டி இல்ல. வாசல்ல இருந்து கடலைப் பார்த்து மண்ணுல புதுசா இழுத்த தடம் போச்சு. காதைக் குடுத்துக் கேட்டேன், கரைப் பக்கம் ஜெனரேட்டர் ஓடுது. எதிர்த்த டீக்கடையில பேன் சுத்துது, கரண்ட் இருக்கு. கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டர் எதுக்கு?

எனக்குக் கடல் அட்டைதான் ஞாபகம் வந்துது. பிடிக்கக் கூடாதுன்னு தடை இருக்கு, ஆனா திருட்டுத்தனமா அக்கரைக்கு, இலங்கைக்கு, ஏத்துறவன் இருந்துகிட்டேதான் இருக்கான். என் சர்வீஸ்ல தண்ணித் தொட்டியில பிடிச்சிருக்கேன், ஐஸ் பெட்டியில பிடிச்சிருக்கேன். பிரேதப் பெட்டியை எவன் திறந்து பார்ப்பான்? அடப்பாவிகளா, தர்மத்துக்குக் குடுத்த பெட்டியில கடத்தலான்னு எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. விறுவிறுன்னு கரைக்கு நடந்தேன். "அண்ணாச்சி, அங்கன ஒண்ணுமில்ல, நில்லுங்க"ன்னு கமிட்டித் தலைவர் பின்னாலயே ஓடி வாரார்.

முட்டளவு தண்ணியில ஒரு வள்ளம் நின்னுது. ஜெனரேட்டர் வள்ளத்துக்குள்ள. கரையில, தார்ப்பாய் போட்டு மூடி, நீளமா ஒரு பெட்டி. வயர் அதுல இருந்து வள்ளத்துக்குப் போவுது. சுத்தி ஏழெட்டு ஆம்பளைங்க, ஒரு பொம்பளை. என்னைக் கண்டதும் ஆம்பளைங்க பெட்டியை மறைச்சுக்கிட்டு நின்னாங்க.

"விலகுங்கலே! யார்கிட்ட காட்டுதிய உங்க வேலைய? போலீசைக் கூப்பிடவா?"ன்னு கத்துனேன்.

ஒருத்தனும் அசையல. அந்தப் பொம்பளைதான் முன்னால வந்து தார்ப்பாயைப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்தா.

கண்ணாடிக்குக் கீழ ஒரு வயசான அம்மா. கையில ஜெபமாலை, தலைமாட்டுல மல்லிகை. எனக்குச் செருப்பைக் கழட்டத்தான் தோணுச்சு, கழட்டுனேன். ஆனா மனசு நிக்கல. பாழாப்போன மனசு. பிணத்தை மேல வச்சு அடியில சரக்கு கொண்டு போனவனையும் பார்த்தவன் நான். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், கேட்டுட்டேன்.

"தட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

கமிட்டித் தலைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். ஒரு இளவட்டம் என் மேல பாய வந்தான். அந்தப் பொம்பளை அவனைத் தடுத்துட்டா. "தூக்குங்கலே. பாக்கட்டும். எங்கம்மா உசிரோட இருக்க வரைக்கும் யாரும் அவள சோதன போட்டது இல்ல. செத்த பொறவு போடுதாவ."

நாலு பேர் உடம்பு கிடந்த தட்டைத் தூக்குனாங்க. நான் குனிஞ்சு கையை விட்டுத் துழாவுனேன். கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான். கை விறைச்சுப் போச்சு.

அப்புறம்தான் அவ சொன்னா. அம்மா போய் ரெண்டு நாள் ஆகப்போவுது. தம்பி கப்பல்ல வேலை பார்க்கான். அந்தக் கப்பல் இன்னைக்குக் காலையில வந்து வெளிக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்குது. துறைமுகத்துக்குள்ள வராதாம், சாமான் ஏத்திக்கிட்டு சாயங்காலமே போயிருமாம். அவனுக்குப் பதில் ஆள் இல்லாததால இறங்க விட மாட்டேங்காங்க. கையை நீட்டிக் காட்டுனா. மேக்க இருந்து வீசுற கச்சான் காத்து அடங்குன நேரம், கடல் பளிச்சுன்னு இருந்துது. கப்பல் நல்லாவே தெரிஞ்சுது.

"போன்ல காட்டலாமேம்மா"ன்னேன்.

"காட்டுனோம் அண்ணாச்சி. போனை அமத்திட்டான். அம்மா மொகத்த போன்ல பாத்துட்டு மண்ணு போடச் சொல்ல மாட்டேன்னு அழுதான். அதான் நாங்களே கொண்டு போயி காட்டிட்டு வந்துருவோம்னு."

வெளிநாட்டுக் கப்பல் பக்கத்துல அனுமதி இல்லாம வள்ளம் போறது எவ்வளவு பெரிய குத்தம்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு பொய் சொன்னதுக்கும், என்னைக் கண்டு நடுங்குனதுக்கும் அதுதான் காரணம். பெட்டியில ஆள் இருக்குன்னு சொன்னா, எப்ப அடக்கம்னு கேட்டு நாலு பேர் வந்து நிப்பாங்க, விஷயம் வெளிய போயிரும். கூப்பிடாமலே ஒரு கஸ்டம்ஸ்காரன் பெட்டி முன்னால வந்து நின்னா யாருதான் உண்மையைச் சொல்லுவான்?

அப்பவும் நான் முழுசா நம்பல. கப்பல் பேரைக் கேட்டு, எனக்குப் பழக்கமான கப்பல் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். எல்லாம் நிஜம். அந்தப் பையன் பேரு கூட சரியா இருந்துது. "பாவம் சார், காலையில இருந்து டெக்குல கரையைப் பார்த்துக்கிட்டே நிக்கானாம். கேப்டன்கிட்ட நான் பேசுறேன். உங்க ஆளுங்க விட்டா சரி"ன்னார்.

எங்க ஆளுங்க. சுங்க இலாகா ரோந்துப் படகுல அன்னைக்கு டூட்டி பார்த்த ஆபீசர் என்கிட்ட வேலை படிச்சவன். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சார், பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"தட்டுக்கு அடியில?"

நான் சொல்லிக்குடுத்த கேள்விதான். பக்கத்துல அந்தப் பொம்பளை என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கா.

"கையை விட்டே பார்த்துட்டேன்யா. ஒண்ணும் இல்ல. என் பேர்ல எழுதிக்கோ."

"நீங்க பார்த்துட்டீங்கன்னா சரி சார். மேல கேட்டுக்கிட்டு வாரேன். நீங்களும் வள்ளத்துல இருக்கணும். நாங்க கூடவே வருவோம்."

ஆம்பளைங்க பெட்டியைத் தோள்ல தூக்கி வள்ளத்துல வச்சாங்க. நானும் ஏறுனேன். என் மேல பாய வந்த இளவட்டம் ஒரு பலகையைத் துடைச்சு உட்காரச் சொன்னான். ரோந்துப் படகு கொஞ்சம் தள்ளிக் கூடவே வந்துது.

கப்பல் பக்கத்துல போனப்பதான் அதோட உயரம் தெரிஞ்சுது. மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கான். கண்ணாடியில ஆவி படிஞ்சு முகம் மங்கலா இருந்துது. அக்காக்காரி மூடியைத் திறந்து வச்சுட்டா. அவன் பார்த்தான். அழுவான்னு நினைச்சேன், ஆனா அவன் கத்துனதே வேற.

"ஏளா! அம்மா போட்டுல கால வைக்க மாட்டாளே, எப்பிடிளா ஏத்துன?"

அவங்க அப்பாவைக் கடல்தான் கொண்டு போச்சாம். அன்னையில இருந்து அந்த அம்மா தண்ணியிலயே கால் நனைச்சது இல்லயாம்.

"ஒன்னப் பாக்கணும்னா ஏற மாட்டாளாலே?"ன்னு அக்கா கத்துனா. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் அழுதாங்க. நான் கடலைப் பார்த்துக்கிட்டேன்.

திரும்பப் போற நேரம், மேல இருந்து ஒரு கயிறு இறங்குச்சு. நுனியில ஒரு பொட்டலம். துணியில சுத்தி, இறுக்கித் தச்சிருக்கு. அம்மாவுக்குன்னு வாங்குனதாம், அவ கூடவே வச்சிரணுமாம். எனக்கு உடம்பெல்லாம் விழிச்சுக்கிச்சு. கப்பல்ல இருந்து வள்ளத்துக்குக் கயித்துல இறங்குற பொட்டலம்! என் ஆயுசுல அப்படி ஒண்ணைப் பிரிக்காம விட்டதே இல்ல. உடனே போன் அடிச்சுது.

"சார், என்னமோ இறங்குச்சே. பிரிச்சுப் பார்த்தீங்களா?"

கயித்துல இருந்து நான்தான் அவிழ்த்து வாங்குனேன், பொட்டலம் என் மடியில இருந்துது. அக்காக்காரி கேக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல.

"பார்த்துட்டேன்"ன்னேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரி மூக்கைச் சிந்திக்கிட்டே கேட்டா. கடைசியில, "சரி, பொட்டலத்துல என்ன இருந்துது?"ன்னா.

"தெரியல. பிரிக்கல."

"நீங்களா? பிரிக்காம விட்டிய? யார்கிட்ட கத விடுதிய!" சத்தியம் பண்ணியும் நம்பல.

மறுநாள் காலையில அடக்கத்துக்குப் போனேன். கோயில்ல பூசை முடிஞ்சு, சவப்பெட்டியை மூடப் போற நேரம். அக்காக்காரி கூட்டத்தை விலக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. கையில அந்தப் பொட்டலம், பிரிக்காம, தச்சது தச்சபடியே. ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது.

"அண்ணாச்சி, அம்மா கூட வைக்கப் போறோம். பாக்கணும்னா இப்பமே பாத்துக்கோங்க." குரல்ல குத்தல் எதுவும் இல்ல. கத்தரிக்கோல் கூட கொண்டு வந்திருந்தா.

என் கை துறுதுறுத்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். இன்னைக்கும் அதுக்குள்ள என்ன இருந்துதுன்னு யோசிச்சா தூக்கம் வராது.

"வேண்டாம்மா, மூடச் சொல்லு"ன்னேன்.