அட்டைக்குப் பின்னால் ஆடுகள்

எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டில் குடியேறியவன் நான். எத்தனை வருடம் உண்டு உறங்கினாலும், சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் அவளிடம் கேட்க வேண்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அந்தப் படம் கைக்கு வரும்வரை.

ஏசி திருத்துவது என் தொழில். அறுகம்பே கடற்கரையில் ஒரு பழைய விடுதியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று ஏசிகளைக் கழற்றப் போயிருந்தேன். அங்கே குப்பையோடு குப்பையாகக் கிடந்தது, இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைக் காட்டும் அந்தப் பழைய படம். செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்தது. நிறத்தை மட்டும் யாரோ பிறகு தூரிகை பிடித்துக் கையால் தீட்டியிருந்தார்கள்.

"வேணுமெண்டா கொண்டு போங்க," என்றார் முதலாளி.

குன்று, ஓடை, அறுவடை முடிந்த வயல். கீழ் ஓரத்தில் ஓர் இடையனும் சில செம்மறி ஆடுகளும். ஒரு மரத்தின் பச்சை, கோட்டைத் தாண்டி வானத்துக்குள் கசிந்திருந்தது. யாரோ அவசரக்காரர். எனக்கு அந்தக் கசிவைத்தான் முதலில் பிடித்தது.

மனைவி படத்தைக் கையில் வாங்காமலே பார்த்தாள்.

"ஆளும் ஆடும் இரிக்கி. உயிருள்ளதுட படத்தத் தொழுற ஊட்டுல கொழுவ ஏலா. மலக்குமார் வரமாட்டாங்க."

வானவர்களான மலக்குமாரோடு நான் வாதாட முடியுமா? படம் அலுமாரிக்குப் பின்னால் போனது. எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது. ஐம்பது வயதில், ஒரு படத்துக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பார்க்கச் சகிக்காமல் வழி சொன்னதும் அவள்தான்.

"கண்ணாடிக் கடையில குடுத்து, அடியில அகலமா அட்டை வெச்சி மறைக்கச் சொல்லுங்க. மரமும் தண்ணியும் தெரிஞ்சாப் போதும்."

இடையனும் ஆடுகளும் அட்டைக்குள் மறைந்தார்கள். படம் ஹோல் சுவரில் ஏறியது. ஆணிக்கு இடம் காட்டியதும் அவள்தான்.

நற்பிட்டிமுனையில் வயல் செய்த குடும்பம் அவளுடையது. தேத்தண்ணிக் கோப்பையோடு படத்துக்கு முன்னால் இருந்து, "வரம்பே காணல்ல. இந்த வயலுக்குத் தண்ணி எங்கால பாயிற?" என்று கேட்பாள். ஓடை பள்ளத்தில் கிடந்தது அவளுக்குத் தீராத கவலை. பகலில் கரண்ட் போய்ச் சும்மா இருக்கும்போது, "ஆடெல்லாம் என்ன செய்யுது?" என்று சீண்டுவேன். "மேயுது," என்பாள். ஆடு அறுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால், "சத்தமில்லாம ஒளிச்சிரிக்கி," என்று சிரிப்பாள்.

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் முடித்தோம். வழக்கப்படி வீடு அவள் பெயருக்குப் போனது. நாங்கள் பின்னால் கட்டிய இரண்டு அறைகளுக்கு மாறினோம். பிறந்து வளர்ந்த வீட்டை என் மனைவி முகம் கோணாமல் கொடுத்தாள். சாமான் தூக்கிய அன்று மகள் என்னிடம் கேட்டாள்.

"வாப்பா, படம் இஞ்சயே இரிக்கட்டுமே. எனக்கு அது நல்ல விருப்பம்."

எனக்குக் கொடுக்க மனமில்லை. ஆனால் சுவர் இப்போது அவளுடையது, கேட்பவளோ என் மகள். "சரி மகள்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மனைவி கதிரையில் ஏறிவிட்டாள். படத்தைக் கழற்றி, முந்தானையால் தூசு துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஊட்டத் தந்திட்டம், அலுமாரியத் தந்திட்டம்," என்றாள் மகளிடம். "ஆடு எங்கட."