ஒன்றும் இல்லை மேடம்

எனக்கு வாய் நீளம் என்று சித்தூரில் எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். பாடகர் குழுவில் யார் சுருதி தப்பினாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். பேச வேண்டிய இடத்தில் மட்டும் அந்த வாய்க்கு என்ன கேடு வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் தங்கைக்குப் பதினோரு வயதில் ஒருநாள் காலை முகமெல்லாம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. சிறுநீரில் புரதம் போகிறது, கிட்னியில் கோளாறு என்றார்கள். இரண்டு வருஷம் மாத்திரை, உப்பில்லாத சோறு. நான் எதிரில் உட்கார்ந்து ஊறுகாயை நக்கிக் காட்டி அவளை அழவைப்பேன். பிறகு வீக்கம் வற்றியது. அம்மா அந்த ஃபைலைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

திருப்பதியிலிருந்து சம்பந்தம் வந்தபோது, அதற்கு முன்பே தங்கைக்கு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்தாள். "எப்பவோ வந்தது, எப்பவோ போச்சி. வாயத் தொறந்தீங்கன்னா இந்த எடமும் போயிடும்." நானும் தலையாட்டினேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் மூன்று முறையும் கேட்டார். பாட்டுப்புத்தகத்தால் விசிறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நோயெல்லாம் ஒரு தடையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தங்கை உண்டாகி நாலாம் மாதம் அவள் மாமியார் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனார். நானும் சித்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். பிரஷர் அதிகம். டாக்டர் கைப்பட்டையை மறுபடி சுற்றிப் பார்த்தார். இந்த மாதத்திலேயே இவ்வளவு ஏறக்கூடாதே, முன்பு கிட்னியில் ஏதாவது இருந்ததா என்று தெலுங்கில் கேட்டார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். மாமியார் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"ஏமீ லேது மேடம்." ஒன்றும் இல்லையென்று சொன்னது நான்தான்.

மாமியார் மாத்திரை வாங்க வரிசையில் நின்றார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் தனியாக உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். "சொல்லிடலாமாக்கா?" என்று தங்கைகூடக் கேட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஏழாம் மாதம் அவள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். மற்றவர்கள் சொன்னால் சரி, அந்தப் பதினோரு வயது முகத்தைப் பார்த்த நானும் அதையே சொன்னேன். சித்தூர் பஜாரில் இரண்டு அளவு பெரிய செருப்பாக வாங்கிக்கொண்டுபோய், யானைக்குப் போடலாம் போல இருக்கிறதே என்று கேலி வேறு செய்தேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரமே தாங்க முடியாத தலைவலி. கண் மங்கிவிட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற ஆண் குழந்தை. நாலாம் நாள் போய்விட்டது. தங்கையின் கிட்னியும் அதற்குப் பிறகு தேறவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

பழைய ஃபைலை அப்போதுதான் எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் அதை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஓலை வாசிச்சப்ப சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு வேணான்னுதாம்மா சொல்லியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர் கேட்ட அன்னிக்கி சொல்லியிருந்தா, அவ எங்கூட்டுப் பொண்ணு. அப்பிடியே கார் வச்சி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருப்பேனே."

அவர்தான் இன்றும் டயாலிசிஸுக்கு அவளை அழைத்துப்போகிறார். சனிக்கிழமைகளில் நான் போகிறேன். ஊசி போடுமுன் நர்ஸ் ஏதேதோ கேட்பாள். தலை சுற்றலா, மூச்சு வாங்குகிறதா, நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள். பதில் சொல்வதற்கு முன் தங்கை இப்போதும் ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள்.