கதவுக்கு அடியில் ஒரு கை

ஆரணியில் பட்டு நெய்யும் ஓர் அக்கா வீட்டுக் கோழிக்கூண்டுக்குத் தானாக மூடிக்கொள்ளும் கதவு மாட்டப் போயிருந்தேன். ஒல்லியான உடம்பு, புடவையெல்லாம் பட்டுப் பிசிறு. பேசும்போதெல்லாம் விரல்நுனிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொரசொரப்பாக இருந்தால் இழை மாட்டிக்கொள்ளுமாம்.

“கதவு எறங்கிகினு இருக்கும்போது கோழி பூந்துட்டா?”

“தட்டுப்பட்டதும் நின்னுடும், அக்கா.”

நான் இறக்கிக் காட்டிக்கொண்டிருந்த கதவுக்கு அடியில் சட்டென்று கையை வைத்தார். கதவு நின்றது, ஆனால் அழுத்திவிட்டுத்தான் நின்றது.

“ஐயோ, நெய்யற கையாச்சே!”

“கோழிக்கு வலிச்சா அது உன்கிட்ட சொல்லுமா தம்பி? நான்னா சொல்லிடுவேன். வலிக்குது, கொஞ்சம் லேசாக்கு.”

அழுத்தத்தைக் குறைத்தேன். சிவந்த விரல்களையே மறுபடியும் வைத்தார்.

“இப்ப சரி.”

அடுத்த வீட்டில் கதவு மாட்டியபோது, யாரும் கேட்காமலே என் கையை அடியில் வைத்தேன்.